பரண்மேல் இன்சுலின்

எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் கெட்டுப்போகிறது என்றால் நமுத்துப்போகிறது என்று அர்த்தம். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கித் தோட்டத்துப் பாதையில் ஏறினால் எங்கள் வீடு வரும். வருஷத்தில் பாதி நாள் மழை, மீதியில் பாதி மூடுபனி. கழற்றி வைத்த சப்பாத்தில் பூஞ்சணம், இடுப்புப் பட்டியில் பூஞ்சணம், புத்தகத்தின் முதுகில் பூஞ்சணம். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் வழித்துக்கொண்டு வரும், தீ வராது. உப்பு ஜாடியில் உப்பை எடுக்கக் கரண்டி போதாது, வடிகட்டி வேண்டும்.

அதனால் எங்கள் வீடுகளில் அடுப்புக்கு நேர் மேலே ஒரு பரண் இருக்கும். நாலு கம்பு, குறுக்கே மூங்கில் பட்டை, அவ்வளவுதான். விறகு அங்கேதான் காயும். உப்பு, தீப்பெட்டி, கருவாடு, சாமிக்கு வைக்கிற கற்பூரம், எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் இருக்கும் தகர டப்பா எல்லாம் அங்கேதான். ‘பத்திரமாக வை’ என்று யாராவது சொன்னால் கை தானாகப் பரணுக்குப் போகும். வெயில் எங்களுக்கு விருந்தாளி, சூடு சொந்தக்காரன். சூட்டால் ஒன்று கெடும் என்ற எண்ணமே எங்கள் கைகளுக்குப் பழக்கமில்லை.

நான் தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் மனைவி புள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறாள். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. காலையிலிருந்து சாயங்காலம் வரை சின்னஞ்சிறுசுகளை அதட்டி, ஊட்டி, தூங்கவைத்துப் பழகியவள். வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரத்தைக் கழற்றி வைக்க மறந்துவிடுவாள். எங்கள் மகள் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் மிஞ்சிய ஒரே பிள்ளை நான்தான்.

எனக்குச் சீனி வியாதி வந்து மாத்திரையில் சில வருஷம் ஓடியது. பிறகு கிளினிக்கில் இன்சுலின் எழுதினார்கள். ஊசி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர் போகும். அதை என்னால் மறைக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. வீட்டில் போடப் பழக்கிவிடுவதற்காக நர்ஸ் என்னைக் கூப்பிட்டபோது நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். மனைவிதான் பழகினாள். “போத்தல உள்ளங்கையில உருட்டிட்டு எடுங்க. வெயில் படாத எடத்துல வைங்க” என்று நர்ஸ் சொன்னதை அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எங்கள் ஊரில் வெயில் படாத இடத்துக்குப் பஞ்சமா என்ன.

முதலில் போத்தலை ஜன்னல் விளிம்பில்தான் வைத்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டி எங்கள் வீட்டில் இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் வீடு கட்டிக்கொண்டு அதற்குள் குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறவன் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. தை மாதக் குளிரில் ஒரு காலை அந்த ஊசி வயிற்றில் இறங்கியபோது பனிக்கட்டியைச் செருகியது போலிருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வாசலுக்கு வந்துவிட்டார். “ஒண்ணுமில்லண்ணே, ஊசி போட்டேன்” என்று மனைவி அவரை அனுப்பிவைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

அடுத்த நாளிலிருந்து ஊசி வலிக்கவே இல்லை. நான் பழகிவிட்டேன் என்றே நினைத்தேன். ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டேன். “மனச ஒருமைப்படுத்தினா வலியே தெரியாது” என்று ஊசிக்குப் பயந்த இன்னொரு ஆசிரியருக்கு உபதேசம்கூடச் செய்தேன். தினமும் தேத்தண்ணியோடு ஊசியும் வரும். நான் சட்டையைத் தூக்கிவிட்டு முகத்தைச் சுவர்க் காலண்டர் பக்கம் திருப்பிக்கொள்வேன். போத்தல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

மழை தொடங்கியதும் கால் விரலிடுக்கில் அட்டை கடித்தது. அட்டை கடிக்காத கால் எங்கள் மலையில் எது? ஆனால் இந்தக் கடி ஆறவில்லை. சுண்டுவிரலோரம் சொறிந்த இடம் புண்ணாகி, புண் ஈரமாகவே இருந்தது. கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள். சீனி எகிறியிருந்தது. சிங்கள டாக்டர், இளம் பெண், தனக்குத் தெரிந்த தமிழில், “மாஸ்டர், இனிப்பு சாப்பிடுறது தானே?” என்றார். இல்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மருந்தின் அளவைக் கூட்டி எழுதினார். அடுத்த முறை இன்னும் எகிறியிருந்தது. அளவை மறுபடி கூட்டினார். இந்த முறை சிரிக்கவில்லை. புண் அடுத்த கிளினிக்குக்குள் காயத் தொடங்காவிட்டால் சுண்டுவிரலை எடுக்கவேண்டி வரும், அதோடு நிற்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி என் பைகளைச் சோதித்தாள். சட்டைப் பை, பாடசாலைப் பை, குடை மடிப்பு. எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. மாத்திரை காலத்தில் தலவாக்கலையில் ஒரு முஸ்லிம் முதலாளி கடையில் அல்வா போன்ற தொதல் தின்று, கையில் எண்ணெயோடு பிடிபட்டிருக்கிறேன். ஒரு தடவை பிடிபட்டவன் பேச்சு அப்புறம் அம்பலம் ஏறாது. அவள் அந்தக் கடைக்கே போய் விசாரித்துவிட்டாள்.

“சேர் இப்ப வந்தா வெறும் பிளேன்டீதான் தங்கச்சி. சீனிகூடப் போடவாணாம்னு சொல்லிட்டுத்தான் குந்துவாரு” என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

“ஆம்பளைக்கு ஆம்பளை சாட்சி” என்று என்னிடம் வந்து சொன்னாள்.

“நான் சாப்பிடல. சத்தியமா சாப்பிடல.”

“அப்ப சீனி எங்கேருந்து வருது, மழையிலயா பேயுது?”

எனக்குக் கோபம் வந்தது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன். குசினிக்கு வெளியே நின்றபோது கோபத்துக்கு அடியில் அழுகை இருந்தது தெரிந்தது. விரல் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முப்பது வருஷத்துக்குப் பக்கமாகக் கூட இருப்பவள் என்னை நம்பவில்லை என்பதுதான் தாங்கவில்லை. அவளுடைய சந்தேகத்துக்கு அடியிலும் பயம்தான் இருந்தது என்று இப்போது தெரிகிறது. என் கால் போய்விடும் என்ற பயம் அவளுக்கு அதட்டலாக வரும். புள்ளைக்காம்பராவில் எந்தக் குழந்தையாவது படியோரம் போனாலும் அவள் முதலில் கத்தத்தான் செய்வாள்.

அந்த வாரம் நான் வகுப்பில் புரதம் நடத்தினேன். வருஷா வருஷம் செய்கிற செய்முறைதான். ஒரு முட்டையின் வெள்ளைக் கருவை இரண்டு சோதனைக்குழாயில் ஊற்றி ஒன்றைச் சுடுதண்ணீரில் இறக்குவேன். கண்ணாடி போல இருந்தது பால் போலாகி, கட்டியாகி நிற்கும். பிறகு அதைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, “பழையபடி ஆகுதான்னு பாருங்க” என்பேன். ஆகாது.

புரதம் என்பது ஒரு நீண்ட நூல். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த நூல். ஆனால் நூலாகக் கிடந்தால் அதற்கு வேலை இல்லை. அது சுருண்டு, மடிந்து, தனக்கென்று ஓர் உருவம் எடுக்கவேண்டும். அந்த மடிப்பைப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் பலவீனமான பிணைப்புகள். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பம், சேர்ந்து நிற்பதால்தான் பலம். சூடேறும்போது நூல் முழுவதும் நடுங்கத் தொடங்கும். நடுக்கம் கூடக்கூட அந்தப் பலவீனமான பிடிகள் ஒவ்வொன்றாக விடும். கோத்த நூல் அறுவதில்லை, அதை அறுக்க இந்தச் சூடு போதாது. உருவம்தான் குலைகிறது. குலைந்த நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கட்டியாகிவிடும். வெந்த முட்டை வேகாத முட்டையாக மாறாததற்கு அந்தச் சிக்குதான் காரணம்.

பிள்ளைகளுக்குப் புரியவைக்கக் கம்பளித் தொப்பியைக் காட்டுவேன். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் தொப்பி போய்விடும், நூல் இருக்கும். நூலைத் தலையில் போட்டுக்கொண்டால் குளிர் அடங்குமா? அதோடு எங்கள் பிழைப்பையும் சொல்வேன். பறித்த கொழுந்தை நசுக்கிப் போட்டால் அதற்குள் இருக்கும் நொதி வேலை செய்து பச்சை இலையைச் செம்பு நிறமாக்குகிறது. நொதியும் ஒரு புரதம்தான். வேண்டிய அளவு நிறமும் மணமும் வந்ததும் ஃபெக்டரியில் இலையைச் சூட்டில் விடுவார்கள். நொதியின் உருவம் குலையும், வேலை நிற்கும், அந்த நிலையிலேயே தேயிலை நிற்கும். ஆக, தக்க நேரத்தில் ஒரு புரதத்தைச் சூட்டால் கெடுக்கத் தெரிந்ததால்தான் இந்த மலையில் அடுப்பு எரிகிறது என்று முடிப்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நானும் கைகழுவிவிட்டு வீட்டுக்கு வருவேன்.

ஊருக்குத்தான் உபதேசம்.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது வட்டவளையில் அவளுடைய அக்கா வீட்டில் கருமாதி வந்தது. ஓர் இரவு தங்கவேண்டும். அன்றே மத்தியான ரயிலில் அவளை ஏற்றிவிட்டேன். “ஊசிய நீங்களே போட்டுக்கங்க. பச்சப் புள்ள மாதிரி கத்தாதீங்க” என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் விடிந்ததும் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்துக் குடித்தேன். ஊசி ஞாபகத்தை எவ்வளவு தள்ளமுடியுமோ அவ்வளவு தள்ளினேன். பிறகு வேறு வழியில்லாமல் போனில் கூப்பிட்டேன்.

“மருந்து எங்க வச்சிருக்க?”

“பரண்ல. உப்பு ஜாடிக்கிப் பக்கத்துல பாருங்க. பாப்பாவோட பழைய கம்பளி மேசுக்குள்ள சுத்தி வச்சிருக்கேன்.”

“பரண்லயா?”

“ஆமா. சில்லுன்னு இருந்தா உங்களுக்கு வலிக்குதே. அதான் அன்னைக்கிருந்து வர்ற போத்தல எல்லாம் அங்கதான் வைக்கிறேன்” என்றாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டாள்.

ஸ்டூலில் ஏறிக் கையை நீட்டினேன். மகள் தவழ்ந்த காலத்தில் அவள் காலுக்குப் போட இவள் பின்னிய சின்ன மேசு. அதற்குள் இருந்த போத்தல், அப்போதுதான் அவித்து எடுத்து ஆறவைத்த முட்டையின் சூட்டில் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இந்த மருந்து உருட்டினால் சீராகப் பால் போலத் தெரியவேண்டும். இதிலோ வெள்ளை வெள்ளையாகக் குருணை மிதந்தது. கண்ணாடியின் உட்சுவரில் கஞ்சி காய்ந்தது போல ஒட்டியிருந்தது. உருட்டினேன், குலுக்கினேன். கரையவில்லை. இன்சுலினும் புரதம்தான். ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் அதை என் கையால் எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். ‘நான் தின்னவில்லை, நான் தின்னவில்லை’ என்று ஆளில்லாத குசினியில் சத்தமாகவே சொன்னேன். அவள் சாயங்காலம் வந்ததும் போத்தலை முகத்துக்கு நேரே நீட்டி, தொதல் கடை முதலாளியிடமும் மன்னிப்புக் கேட்கவைக்க வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டேன். வேண்டிய வசனமெல்லாம் வரிசையாக வந்தது. அப்போது கையில் அந்த மேசு இருந்தது. என்னைக் குற்றமற்றவன் என்று காட்டுகிற அதே போத்தல் அவளை என்னவென்று காட்டும்? நான் கத்தினேன் என்பதற்காக அவள் இதைச் செய்தாள். எனக்கு வலிக்கக்கூடாது என்று தினமும் காலையில் ஸ்டூலில் ஏறி இறங்கியிருக்கிறாள். அந்த அக்கறைதான் என் விரலைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லாமலே விட்டுவிடலாம், புதுப் போத்தல் வந்ததும் இடத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்று ஓர் எண்ணம் வந்தது. நல்லவேளை, அதை முழுதாக யோசித்தேன். செத்த மருந்து வேலை செய்யாததைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டிக் கூட்டி எழுதியிருக்கிறார். அதே அளவில் உயிருள்ள மருந்தைப் போட்டால் சீனி ஒரேயடியாகக் கீழே போகும். பேசாமலிருப்பது கருணையாகாது. டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். கிளினிக்குக்கு அவள் வராமலும் இருக்கமாட்டாள்.

சாயங்காலம் ரயிலில் வந்து இறங்கினாள். கருமாதி வடையை அவிழ்த்து வைத்துக்கொண்டே, “ஊசி போட்டீங்களா?” என்றாள். “ம்” என்றேன். போடவில்லை, போத்தல் என் பாடசாலைப் பைக்குள் இருந்தது.

மறுநாள் வெறும் வயிற்றோடு இரத்தம் பார்க்கவேண்டும் என்பதால் காலையில் ஊசி இல்லை. டாக்டர் இரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். நான் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இது அடுப்புக்கு மேலே இருந்தது, கெட்டுவிட்டது என்றேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யார் அங்கே வைத்தது என்று கேட்டார்.

“நான்தான்” என்றேன்.

“மாஸ்டர் என்ன பாடம்?”

“விஞ்ஞானம்.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்சும் சிரித்தார். வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். அப்புறம் டாக்டர் தான் முன்பு எழுதியிருந்த அளவைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. அதை அடித்துவிட்டுக் குறைத்து எழுதினார். சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னார். நர்ஸ் அதைத் தமிழில் சொன்னார். “நல்ல மருந்த மட்டும் இந்த அளவுல போட்டிருந்தா, மாஸ்டர் ஒரு நாள் காலையில எழும்பியிருக்கமாட்டாரு.”

என் மனைவி என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தது. பஸ் ஏறும்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புதுப் போத்தலை ஜன்னல் விளிம்பில், சின்ன மண்சட்டியில் நான் வைத்தேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டாள்.

“ஏன் நீங்க வச்சதா சொன்னீங்க?”

“யாரு வச்சா என்ன?”

“சூட்டுல அதுக்கு என்னா ஆவும்?”

அந்தக் கம்பளி மேசு அங்கேயே கிடந்தது, அதைக் காட்டிச் சொன்னேன். நூல் இருக்கும், பின்னல் போய்விடும் என்றேன்.

“நூலு இருக்குல்ல? திரும்பிப் பின்ன முடியாதா?”

பின்னுகிறவளுக்கு வருகிற கேள்வி அது. எத்தனையோ மேசுகளைப் பிரித்து மறுபடி பின்னியவள். “சிக்கு விழுந்திருச்சு” என்றேன். “இனி பிரிக்க முடியாது.”

அப்போதுதான் அழுதாள். “உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதானே” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதில் எதுவும் அவளைப் போய்ச் சேரவில்லை.

சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள். அதோடு நின்றது, புண்ணும் ஆறியது. ஆனால் அவள் ஊசியைத் தொடுவதை விட்டுவிட்டாள். தேத்தண்ணி மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் புள்ளைக்காம்பராவுக்குப் போய்விடுவாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து, கண்ணை இறுக்கிக்கொண்டு நானே போட்டேன். சில நாள் இரண்டு முறை குத்தவேண்டியிருந்தது. அவள் என் காலைப் பார்ப்பதில்லை. அதட்டுவதும் இல்லை. வீட்டில் அதட்டல் இல்லாதது எனக்குச் சுண்டுவிரல் இல்லாததைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுபடி தை வந்தது. ஒரு காலை ஜன்னலுக்கு வெளியே புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. சட்டியிலிருந்து போத்தலை எடுத்தேன், விரலைச் சுட்டது போலக் குளிர்ந்தது. ஊசியோடு தயங்கிக்கொண்டே இருந்தேன். அவள் தேத்தண்ணியோடு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்து போத்தலை வாங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இந்தச் சூடு ஆவுமா அதுக்கு?” என்றாள். குரலில் அவ்வளவு பயம்.

“ஆவும்” என்றேன். “ஒடம்புல அது பொறக்குறதே இந்தச் சூட்டுலதான்.”

அவள் உடனே எடுக்கவில்லை. நர்ஸ் சொன்னபடி மெதுவாக உருட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என்னிடமும் நீட்டிப் பார்க்கச் சொன்னாள். பால் போலச் சீராக இருந்தது, குருணை இல்லை. நான் சட்டையைத் தூக்கினேன். காலண்டர் பக்கம் திரும்பவில்லை.

“பச்சப் புள்ள மாதிரி கத்தாதீங்க” என்றாள்.